உபரி உணவும் ஊர்ப் பசியும்: உணவு மீட்புப் பணியின் பயனும் எல்லையும்

ஒருபுறம் சமைத்த உணவு குப்பை வண்டியில் ஏறுவதும், மறுபுறம் மனிதர்கள் இரவு உணவின்றி நடைபாதையில் படுத்துறங்குவதும் ஒரே நகரத்தில், பல வேளைகளில் ஒரே தெருவில், நடந்துகொண்டிருப்பது இக்காலத்தின் பெரிய முரண்பாடுகளுள் ஒன்றாகும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது. நுகர்வோர் கைக்கு எட்டும் நிலைக்கு வந்த உணவில் இது ஏறத்தாழ 19 விழுக்காடு. உலக உணவுப் பாதுகாப்பு நிலை குறித்த 2025-ஆம் ஆண்டு அறிக்கையோ, 2024-இல் சுமார் 67.3 கோடிப் பேர் பசியோடு வாழ்ந்தனர் என்று மதிப்பிட்டது. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றும் எண்ணம், வீணாகும் உணவைப் பசித்தோரிடம் கொண்டுசேர்த்துவிட்டால் இரண்டு சிக்கல்களும் ஒருங்கே தீர்ந்துவிடும் என்பதே. கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ள உணவு மீட்புப் பணி இந்த எண்ணத்தின் மீதுதான் எழுந்தது. அந்த எண்ணம் எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் அது தடுமாறுகிறது, இந்தியச் சூழலில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், அதற்குரிய இடம் எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இழப்பும் விரயமும்

உணவு வீணாவதைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் அதனை இரண்டாகப் பிரிக்கின்றனர். அறுவடைக்குப் பின் களத்திலும் கிடங்கிலும் லாரியிலும், கடைக்கு வந்துசேரும் முன்னரே கெட்டும் சிந்தியும் போவது உணவு இழப்பு. கடையிலும் உணவகத்திலும் விருந்திலும் வீட்டிலும் வீணாவது உணவு விரயம். உணவு வேளாண்மை அமைப்பு 2011-இல் இரண்டையும் சேர்த்து, உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 130 கோடி டன், வீணாவதாகக் கூறிய மதிப்பீடே இன்றும் மேடைகளில் அதிகம் எடுத்தாளப்படுகிறது. பின்னர் அந்த அமைப்பு இழப்பை மட்டும் தனியே கணக்கிட்டு, 2019-இல் அதனை 14 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஏழை நாடுகளில் குளிர்பதனக் கிடங்கும் நல்ல சாலையும் இல்லாமையால் இழப்பு மிகுதி என்பதும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தக்காளி விலை சரியும் பருவத்தில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுபடியாகாமல் விவசாயிகள் பறித்ததைச் சாலையோரம் கொட்டுவது இவ்வகையைச் சேர்ந்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

விரயத்தின் உட்பிரிவுகள் உணவு மீட்பின் எல்லையை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மேற்சொன்ன 105 கோடி டன்னில் வீடுகளின் பங்கு 60 விழுக்காடு, உணவகம், விடுதி, விருந்து முதலிய உணவுச் சேவைகளின் பங்கு 28 விழுக்காடு, சில்லறைக் கடைகளின் பங்கு 12 விழுக்காடு. ஒரு வீட்டில் மிஞ்சும் அரைக் கிண்ணம் குழம்பையும் இரண்டு இட்லியையும் வீடுவீடாகச் சென்று திரட்டுவதும் அதன் தரத்துக்கு உறுதி சொல்வதும் எந்த அமைப்பாலும் இயலாதவை. எனவே மீட்கத் தகுந்தது பெரும்பாலும் எஞ்சிய 40 விழுக்காட்டுக்குள்தான் அடங்கும். அதிலும் பழத்தோல், எலும்பு போன்ற உண்ணத்தகாத பகுதிகளும் இக்கணக்கில் சேர்ந்திருப்பதாலும், கெட்டுப்போனதும் சாப்பிட்டு மிஞ்சியதும் அதில் அடங்குவதாலும், பசித்தவருக்குக் கொடுக்கத் தகுந்த அளவு மேலும் சுருங்கிவிடுகிறது. வீணாகும் மொத்த உணவையும் பசித்தோரின் எண்ணிக்கையால் வகுத்து, ஒருவருக்கு இத்தனை கிலோ என்று சொல்லும் வழக்கமான கணக்கு நடைமுறைக்கு உதவாது என்பதற்கு இதுவே காரணம்.

உணவு வங்கியும் உடனடி மீட்பும்

இன்றைய உணவு மீட்பு அமைப்புகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் 1967-இல் தொடங்கிய செயின்ட் மேரீஸ் உணவு வங்கி. கடைகளின் குப்பைத் தொட்டிகளில் நல்ல நிலையில் உள்ள உணவு எறியப்படுவதை அறிந்த அவர், தேவாலயம் ஒன்றின் உதவியுடன் ஒரு கிடங்கை அமைத்து, கடைக்காரர்கள் தரும் பொருள்களை அங்கே சேமித்து, தொண்டு நிறுவனங்கள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் முறையை ஏற்படுத்தினார். பணம் உள்ளவர் போட, தேவையுள்ளவர் எடுக்கும் வங்கியைப் போல இயங்கியதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. அங்கிருந்து பரவிய வலையமைப்பே 1979-இல் செகண்ட் ஹார்வெஸ்ட் என்ற பெயரில் தேசிய அமைப்பாகி, 2008 முதல் ஃபீடிங் அமெரிக்கா என்று வழங்குகிறது.

உணவு வங்கி, கெடாத பொருள்களுக்கு ஏற்ற முறை. பொட்டலமிட்ட மாவு, டின்னில் அடைத்த காய்கறி, பருப்பு முதலியவற்றைக் கிடங்கில் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். சமைத்த உணவுக்கும் கீரை, பால், ரொட்டி போன்றவற்றுக்கும் வேறொரு முறை தேவைப்பட்டது. நியூயார்க்கில் 1982-இல் தொடங்கிய சிட்டி ஹார்வெஸ்ட், உணவகங்களில் மிஞ்சியதைக் கிடங்கில் வைக்காமல் அன்றே வாகனத்தில் எடுத்து, அன்றே இலவச உணவுக் கூடங்களுக்குச் சேர்த்தது. இலண்டனில் வீடற்றோருக்காகப் பணியாற்றும் கிரைசிஸ் என்னும் தொண்டு நிறுவனமும் செயின்ஸ்பரீஸ் என்னும் அங்காடிக் குழுமமும் சேர்ந்து 1994-இல் உருவாக்கிய ஏற்பாடே பின்னர் ஃபேர்ஷேர் என்ற தனி அமைப்பாயிற்று. சிட்னியில் ரானி கான் என்பவர் 2004-இல் தொடங்கிய ஓஸ்ஹார்வெஸ்ட், லிஸ்பன் நகரில் 2011-இல் மிதிவண்டியில் உணவு திரட்டத் தொடங்கிய ரீஃபுட் ஆகியவையும் இவ்வகையினவே. ரீஃபுட் தந்த தூண்டுதலால் 2014-இல் தில்லியில் ராபின் ஹுட் ஆர்மி உருவாயிற்று. அதே ஆண்டில் கோயம்புத்தூரில் நோ ஃபுட் வேஸ்ட் என்னும் அமைப்பு திருமண மண்டபங்களில் மிஞ்சும் உணவைத் திரட்டத் தொடங்கியது. சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் வைக்கப்பட்ட 'ஐயமிட்டு உண்' என்ற பொதுக் குளிர்பெட்டி, கொடுப்பவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் சந்திக்கத் தேவையில்லாத இன்னொரு வழியைக் காட்டியது.

இவ்வளர்ச்சியை மொத்தமாக நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. இந்த அமைப்புகளுக்கு உணவு இலவசமாகக் கிடைத்தாலும், வாகனம், எரிபொருள், குளிர்பெட்டி, பாத்திரம், ஓட்டுநர் கூலி ஆகிய எவையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. உணவு மீட்பு என்பது அடிப்படையில் போக்குவரத்துத் தொழில். அதன் வெற்றி தோல்வி கொடுப்பவரின் மனத்தைவிட, குறித்த நேரத்தில் வண்டி வந்து நிற்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.

சட்டங்கள் காட்டும் மூன்று வழிகள்

கொடுக்க விரும்பும் உணவகத்தாரைத் தடுக்கும் முதல் அச்சம், கொடுத்த உணவால் யாருக்கேனும் உடல்நலக் கேடு நேர்ந்தால் வழக்கு வருமே என்பது. அமெரிக்கா 1996-இல் இயற்றிய பில் எமர்சன் நல்ல சமாரியன் உணவுக்கொடைச் சட்டம் இந்த அச்சத்தைப் போக்கும் வகையில் அமைந்தது. நல்லெண்ணத்துடன் கொடுக்கப்பட்ட உணவால் தீங்கு நேர்ந்தாலும், கடும் கவனக்குறைவோ வேண்டுமென்றே செய்த தவறோ இருந்தாலன்றிக் கொடையாளர் பொறுப்பாகமாட்டார் என்று அது வகுத்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 2005-இல் இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. இதனைப் பாதுகாப்பு வழி எனலாம்.

பிரான்சு கட்டாய வழியைத் தேர்ந்தெடுத்தது. 2016 பிப்ரவரியில் அங்கு நிறைவேறிய சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள அங்காடிகள் விற்காத உணவைப் பெற்றுக்கொள்ளத் தொண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று விதித்ததோடு, எறிந்த உணவை எவரும் எடுத்து உண்ணாதபடி அதன்மீது ரசாயனத்தை ஊற்றிக் கெடுக்கும் வழக்கத்தையும் தடைசெய்தது. அதே ஆண்டில் இத்தாலி இயற்றிய சட்டமோ தண்டத்தைவிட ஊக்கத்தை நம்பியது. நடைமுறைத் தாள்வேலைகளைக் குறைத்தும், கொடுக்கும் நிறுவனங்களுக்குக் குப்பை வரியில் சலுகை தர உள்ளாட்சிகளுக்கு இடமளித்தும் அது கொடையை எளிதாக்கியது. இம்மூன்றில் எதுவும் தனித்து நின்று முழுப்பயன் தரவில்லை. கட்டாயம் இருக்கும் இடத்தில், காலாவதிக்குச் சில மணி நேரமே உள்ளதையும் எவருக்கும் வேண்டாததையும் தொண்டு நிறுவனங்களின் தலையில் கட்டிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்பும் சலுகையும் மட்டும் இருக்கும் இடத்தில், எளிதாகக் கொடுக்கக் கூடியவரே கொடுப்பர்; மற்றவர் குப்பைத் தொட்டியையே நாடுவர்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் உபரி உணவு மீட்பு, பகிர்வு பற்றிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. கொடுப்பவர், திரட்டி வழங்கும் அமைப்பு ஆகிய இரு தரப்புக்கும் உரிய பொறுப்புகளை அது பிரித்துரைக்கிறது; உணவு பாதுகாப்பானதாக இருத்தல், சைவமா அசைவமா என்பதைக் குறித்தல், பெற்றதற்கும் வழங்கியதற்கும் பதிவேடு வைத்தல் முதலியவை அதில் அடங்கும். பகிர்வு அமைப்புகளை ஒன்றுசேர்க்கும் கூட்டமைப்பையும் ஆணையம் ஏற்படுத்தியுள்ளது. எனினும் இந்தியாவில் மீட்கப்படும் உணவில் கணிசமான பகுதி ஆணையத்தின் உரிமம் பெற்ற தொழிற்சாலையிலிருந்து வருவதன்று. கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டிலிருந்து வருகிறது. சமைத்தவர் ஒருவர், பணம் கொடுத்தவர் ஒருவர், மண்டபம் இன்னொருவருடையது என்ற நிலையில், கொடையாளர் யார், பொறுப்பு யாருடையது என்பதே குழப்பமாகிவிடுகிறது.

மண்டபத்துச் சமையற்கட்டில்

மண்டப உணவை மீட்பதில் உள்ள நுட்பத்தை அறிய, வரவேற்பு நாளின் இரவுப் பந்தியை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் இலைக்குச் சமைத்து எழுநூறு பேர் உண்டால் முந்நூறு பேரின் உணவு மிஞ்சும் என்பது எளிய கணக்கு. ஆனால் அது மிஞ்சியது என்று உறுதியாகத் தெரிவது கடைசிப் பந்தி எழுந்த பிறகு, இரவு பத்தரை மணி அளவில். அதற்குள் சாதம் வடித்து மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அண்டாவும் தவலையும் வாடகைப் பாத்திரங்களாதலால், சமையல் ஒப்பந்தக்காரர் அவற்றை உடனே கழுவி ஏற்றியனுப்ப முற்படுவார். ஆகவே உணவு திரட்ட வருவோர் தங்கள் பாத்திரங்களைக் கையோடு கொண்டுவராவிட்டால், நல்ல உணவும் பின்கட்டுக் குப்பைக்கே போகும். ஓர் இரவில் எத்தனை மண்டபங்களுக்குச் செல்ல முடியும் என்பதை வண்டியின் எண்ணிக்கை மட்டுமின்றி, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரங்களின் எண்ணிக்கையும் தீர்மானிப்பது இதனால்தான்.

அடுத்தது தேர்வு. இலையில் பரிமாறிய எதையும் எடுப்பதில்லை என்பது முதல் விதி. பந்திக்கு வராமல் அண்டாவிலேயே நின்றது மட்டுமே எடுக்கத்தக்கது. அதிலும் தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் சேர்த்த பாயசம், தயிர்ப்பச்சடி முதலியவை விரைவில் கெடுபவை ஆதலால் விலக்கப்பட வேண்டியவை. சாம்பார், வற்றல்குழம்பு, பொரியல் ஆகியவை மணத்தாலும் சுவையாலும் சோதித்த பின் எடுக்கத்தக்கவை. எல்லாரும் பாதுகாப்பானது என்று கருதும் சோற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்நஞ்சில் ஒருவகை மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்ற பொதுவிதியின் காரணம் இதுவே. அண்டா நிறையக் கிடக்கும் சோற்றின் மேற்பரப்பு ஆறிவிட்டாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதால், சாதத்தை அகன்ற பாத்திரத்தில் பரப்பி விரைவாக ஆற்றிக் குளிர்பெட்டியில் வைப்பது, அல்லது சூடு குறையும் முன்னரே உண்பவரிடம் சேர்த்துவிடுவது என்னும் இரண்டு வழிகளே உள்ளன. சென்னை போன்ற வெப்ப நகரில் இரவு பதினோரு மணிக்குத் திரட்டிய சாதத்தைக் குளிர்விக்காமல் வைத்திருந்து மறுநாள் காலை எட்டு மணிக்கு வழங்குவது தருமமாகாது.

பஞ்சாங்கமும் பசியும்

உபரி உணவு எப்போது, எங்கே மிஞ்சுகிறது என்பதும், பசி எப்போது, எங்கே இருக்கிறது என்பதும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் மண்டப உணவு முகூர்த்த நாள்களைப் பின்பற்றி வருவது. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் முகூர்த்த நாள்களில் ஒரே இரவில் பத்து மண்டபங்களிலிருந்து அழைப்பு வரும். பத்திலிருந்தும் எடுக்க ஆளும் வண்டியும் இராது. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். பசி மட்டும் மாதம் பார்ப்பதில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு உணவு வந்து சேரும்போது, நடைபாதையில் இருப்போர் பலர் பட்டினியோடோ அரைவயிற்றோடோ உறங்கியிருப்பர். அவர்களைத் தட்டி எழுப்பிப் பொட்டலம் கொடுப்பது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், நாளும் நடந்தால் அதுவும் ஒருவகைத் தொல்லையே.

இந்தப் பொருத்தமின்மையைக் கொரோனாக் காலம் வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மண்டபங்களும் உணவகங்களும் ஒருசேர மூடப்பட்டன. கூலி வேலையும் அன்றே நின்றது. பசி உச்சத்தை எட்டிய நாள்களில் உபரி உணவு அறவே இல்லாமற்போயிற்று. அதுவரை மிஞ்சியதைத் திரட்டிய அமைப்புகள் பல, அரிசியும் பருப்பும் வாங்கிப் புதிதாகச் சமைத்து வழங்க நேர்ந்தது. நகரங்களில் மலிவு விலை அம்மா உணவகங்கள் தொடர்ந்து இயங்கியதே பலரைக் காத்தது. பிறர் மிச்சத்தை நம்பி அமைந்த ஏற்பாடு, மிச்சம் வற்றும் காலத்தில் தானும் வற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தருமமா, உரிமையா

இந்த இடத்தில்தான் உணவு மீட்பின் மீதான ஆழமான விமரிசனம் எழுகிறது. பஞ்சங்களை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981-இல் வெளியான தம் நூலில், பசி என்பது பெரும்பாலும் உணவு இல்லாமையால் வருவதன்று, இருக்கும் உணவைப் பெறும் வழி மனிதர்களுக்கு இல்லாமையால் வருவது என்று நிறுவினார். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவர் காட்டிய முதன்மைச் சான்று. உழைப்பு, கூலி, நிலம், அரசு உதவி ஆகியவற்றின் வழியாக ஒருவர் உணவின்மீது பெறும் பிடியை அவர் உரிமைப்பேறு என்ற கருத்தால் விளக்கினார். இக்கருத்தை ஏற்போர், மிஞ்சிய உணவைக் கொண்டுசேர்ப்பது பசித்தவரின் உரிமைப்பேற்றை எள்ளளவும் கூட்டுவதில்லை என்கின்றனர். இன்று உணவு வந்தது, நாளை வருமா என்று கேட்க அவருக்கு எந்த வழியும் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலர் ஜேனட் பாப்பன்டீக், 1998-இல் வெளியான நூலொன்றில் இவ்வாதத்தை மேலும் கொண்டுசென்றார். 1980-களில் அமெரிக்க அரசு நலத்திட்டங்களைக் குறைத்தபோது உணவு வங்கிகள் பெருகின. தன்னார்வலர்களின் உழைப்பும் நிறுவனங்களின் கொடையும் செய்தித்தாள்களில் புகழப்பட்டதால், பசி ஒருவாறு கவனிக்கப்படுகிறது என்ற நிம்மதி நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்பட்டது. அந்த நிம்மதியே அரசு தன் கடமையிலிருந்து விலக இடமளித்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு மறுமொழியாக உணவு மீட்புப் பணியில் உள்ளோர் கூறுவது எளிமையானது: கொள்கை மாறும் வரை இன்றிரவு பசித்திருப்பவர் காத்திருக்க முடியாது. இரண்டு வாதங்களும் உண்மையே. ஒன்று நீண்டகாலத்தைப் பற்றியது, மற்றது இந்த இரவைப் பற்றியது. ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கும்போதே தவறு நேர்கிறது.

தமிழ்நாட்டு மரபில் இந்த வேறுபாட்டை உணர்த்தும் நிறுவனங்கள் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிந்துவருகிறது. அங்கே வருவோருக்கென்றே சமைக்கப்படுகிறது, யாருடைய விருந்திலும் மிஞ்சியது வழங்கப்படுவதில்லை. கோயில் அன்னதானத்திலும் உண்பவர் பந்தியில் அமர்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நடைபாதையில் பொட்டலம் பெறுபவருக்கு இந்தத் தெரிவு இல்லை. நீரிழிவு உள்ள முதியவரின் கையிலும் சர்க்கரைப் பொங்கலும் லட்டுமே வந்து விழுகின்றன. பெறுபவரின் முகம் தெரியப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடும் வழக்கம் இதனினும் கொடியது. கொடையாளருக்குக் கணக்குக் காட்ட அமைப்புகள் செய்யும் இச்செயல், உணவுக்கு விலையாக மானத்தை வாங்கிவிடுகிறது. எடையும் நேரமும் இடமும் குறித்த பதிவேடே கணக்குக்குப் போதும்.

அடுப்பில்லாதவரின் பசி

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் உணவு மீட்பைத் தள்ளிவிட முடியாததற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டின் சூழலில் தெளிவாகத் தெரிகிறது. இம்மாநிலத்தின் உணவு உரிமைகள் நாட்டிலேயே விரிவானவை. காமராசர் காலத்தில் 1956-இல் விரிவடைந்த பள்ளி மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஆகியவை பள்ளிப் பிள்ளைகளைக் காக்கின்றன. அனைவருக்குமான பொது விநியோகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் ரேஷன் அரிசி சோறாவதற்குக் குடும்ப அட்டை வேண்டும், அட்டைக்கு முகவரி வேண்டும், அரிசியை வைக்கப் பூட்டிய இடம் வேண்டும், அடுப்பும் பானையும் எரிபொருளும் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் சுமார் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிவுசெய்தது. நடைபாதையிலும் ரயில் நிலைய முகப்பிலும் பாலத்தடியிலும் வாழும் இவர்களுக்கு மேற்சொன்ன நான்கும் இல்லை. தானியமாகத் தரப்படும் உரிமை அடுப்பில்லாதவரின் வாசலில் நின்றுவிடுகிறது. அவருக்குத் தேவை சமைத்த உணவு.

உபரி உணவில் மிகுதியாகக் கிடைப்பதும் சமைத்த உணவே. வறுமையில் வாடும் எல்லாருக்குமான தீர்வாக முன்வைக்கும்போது தோற்றுப்போகும் உணவு மீட்பு, அடுப்பில்லாத ஒரு பிரிவினருக்கு என்று வரையறுக்கும்போது பொருத்தமுள்ளதாகிறது. அதற்கு உணவு தெருவில் ஆளைத் தேடி அலையாமல், ஆள் இருக்கும் இடத்தை அடைய வேண்டும். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 2013-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று கூறின. அத்தகைய காப்பகங்களில் ஒரு பெரிய குளிர்பெட்டியும், உணவை மீண்டும் கொதிக்கச் சூடாக்கும் அடுப்பும், பொறுப்பான ஒரு பணியாளரும் இருந்தால், இரவில் வந்த சாம்பாரும் பொரியலும் முறையாகக் குளிர்விக்கப்பட்டு மறுநாள் காப்பகத்தின் சொந்தச் சமையலுக்குத் துணையாகும். மண்டப உணவு வராத ஆடியிலும் காப்பகத்தில் உலை வைக்கப்படும். இந்த அமைப்பில் உபரி உணவு செலவைக் குறைக்கும் துணையாக மட்டுமே நிற்கிறது; உண்பவரின் வயிறு அதை நம்பி இருப்பதில்லை. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களின் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் அடுப்பில்லாதவரின் பசிக்கு மாநிலம் கண்ட முதன்மையான மறுமொழி. அவை வலுவாக இருக்கும் இடத்தில் உணவு மீட்பின் சுமை இயல்பாகவே குறைகிறது.

மிஞ்சாமல் இருப்பதே முதல் வழி

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நெடுங்காலம் பின்பற்றிய உணவு மீட்புப் படிநிலையில் மனிதருக்கு வழங்குவது இரண்டாம் படியே; முதற்படி, மிஞ்சாதபடி தடுத்தல். கால்நடைக்குத் தீனியாக்குதல், உரமாக்குதல் முதலியன அவற்றுக்குப் பின் வருகின்றன. உணவு இழப்பும் விரயமும் சேர்ந்து உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன என்று மதிப்பிடப்படும்போது, சமைத்த பின் மீட்பதைவிடச் சமைக்குமுன் அளப்பதே சிக்கனமானது என்பது வெளிப்படை. மேலும், பகிர்வு அமைப்பு எடுத்துக்கொள்ளும் என்ற உறுதி, அதிகம் சமைப்பவரின் மன உறுத்தலைப் போக்கி, அதே வழக்கத்தைத் தொடரச் செய்யும் அபாயமும் இருக்கிறது.

தமிழ்நாட்டு விருந்துகளில் உணவு மிஞ்சுவதன் வேர் கௌரவத்தில் இருக்கிறது. 'சாப்பாடு பத்தவில்லை' என்ற பேச்சு ஊரில் எழுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தால் வீட்டார் இலைக் கணக்கைக் கூட்டிச் சொல்கின்றனர். ஒப்பந்தக்காரரும் இலைக்கு இவ்வளவு என்று பேசிக் குறைந்த அளவு இலைகளுக்கு உறுதி வாங்கிக்கொள்வதால், குறைவாகச் சமைப்பதில் இருவருக்கும் ஆதாயம் இல்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தியாவின் சில மாநிலங்கள் விருந்தினர் எண்ணிக்கையை ஆணையிட்டுக் கட்டுப்படுத்திப் பார்த்தன. அந்த ஆணைகள் விருந்துப் பழக்கத்தை மாற்றிவிடவில்லை. அதைவிட நடைமுறைக்கு உகந்தவை சிறிய ஏற்பாடுகள்: முதற்பந்தியின் எண்ணிக்கையைப் பார்த்த பின்னரே இரண்டாவது உலையை ஏற்றுதல், கேட்டுப் பரிமாறுதல், இலையில் இருபத்தைந்து வகை வைக்கும் போட்டியைக் கைவிடுதல், மண்டப வாடகை ஒப்பந்தத்திலேயே மிஞ்சும் உணவை யார், எத்தனை மணிக்குள், எந்தப் பாத்திரத்தில் எடுப்பார் என்பதை எழுதிவைத்தல். கடைசியாகச் சொன்னது, கொடையாளர் யார் என்ற சட்டக் குழப்பத்தையும் ஓரளவு தீர்த்துவைக்கும்.

தொகுத்துக் கூறினால், உணவு மீட்பு என்பது விரயத்தைக் குறைக்கும் நல்ல வழி. பசியை ஒழிக்கும் வழியாக அதனைக் கொள்வது பிழை. பசியை ஒழிப்பது கூலியும் ரேஷனும் பள்ளி உணவும் மலிவு விலை உணவகமும் தரும் உரிமையின் வேலை. அந்த உரிமைகள் எட்டாத அடுப்பில்லாதவரிடம் சமைத்த உணவை மரியாதையோடு சேர்ப்பது உணவு மீட்பின் வேலை. மாநகராட்சிகள் இரவுக் காப்பகங்களுக்குக் குளிர்பெட்டியும் அடுப்பும் பணியாளரும் தந்து, மண்டபங்களையும் திரட்டும் அமைப்புகளையும் அவற்றோடு இணைத்துவிட்டால், இப்பணி தனிமனிதரின் இரக்கத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியிராது. விருந்து வைப்போர் செய்ய வேண்டியது அதனினும் எளிது: அளந்து சமைக்க வேண்டும், அப்படியும் மிஞ்சினால், கடைசிப் பந்தி முடியும்வரை காத்திராமல், இரண்டாம் பந்தியிலேயே அழைத்துச் சொல்ல வேண்டும்.